கறுப்பு சாம்பூகாவும் கலந்து குடித்த மரபும்

சாம்பூகா சோம்பு மணமுள்ள இத்தாலிய மது. அதைக் கறுப்பாக்கி காக்டெயிலில் ஊற்றுவது மரபைக் கெடுப்பது என்று குறை சொல்வோர் உண்டு. சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கமே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி சாம்பூகா நிறமற்றதாக இருக்க வேண்டும். குறைந்தது 38 சதவீத ஆல்கஹாலும் லிட்டருக்கு 350 கிராம் சர்க்கரையும் வேண்டும். கறுப்பு வகையில் பெயர்பெற்ற ஓபல் நேராவை பியட்மாண்ட் பகுதியின் பிரான்கோலி வடிப்பாலை 1989இல்தான் கொண்டுவந்தது. ஆகவே கறுப்பு நிறம் புதிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மரபைப் புட்டியின் நிறத்தில் மட்டும் தேடினால் போதுமா? மக்கள் அதை எப்படிக் குடித்தார்கள் என்று பார்த்தால், இத்தாலியச் சோம்பு மதுக்கள் நெடுங்காலமாக வேறொன்றோடு கலந்தே வாழ்ந்திருக்கின்றன.

பலேர்மோவை எடுத்துக்கொள்வோம். சிசிலியின் வெயிலில் தெருத்தெருவாகக் குளிர்ந்த நீர் விற்றவர்கள், அதில் சில சொட்டு சோம்புச் சாரத்தை விட்டுக் கொடுத்தார்கள். தூத்தோனே குடும்பம் 1813 முதல் அந்தச் சாரத்தை அங்கே தயாரித்து வருகிறது. சொட்டு விழுந்ததும் நீர் பாலாக வெளுக்கும். சோம்பு மணத்தைத் தரும் அனெத்தோல் ஆல்கஹாலில் கரையும், நீரில் கரையாது. நீர் கூடும்போது நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. மத்திய இத்தாலியின் கடலோர ஊரான ஃபானோவில் மீனவர்கள் குடித்த மொரெத்தா இன்னும் ஒரு படி மேலே போகிறது. சோம்பு மது, ரம், பிராந்தி மூன்றையும் சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துச் சூடாக்கி, மேலே காப்பியை ஊற்றுவார்கள். காப்பியில் மது சேர்ப்பதைக் காக்டெயில் என்று சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு மொரெத்தாவே பதில்: மூன்று மது, இனிப்பு, பழத்தோல், கண்ணாடிக் குவளையில் தெரியும் அடுக்குகள். இதற்கு மேல் ஒரு காக்டெயிலுக்கு என்ன வேண்டும்?

சாம்பூகாவும் அந்த வழியில் வந்ததுதான். சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் லூயிஜி மான்சி 1851இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்; 1945இல் அதே ஊரில் தொடங்கிய மொலினாரி நிறுவனம் உலகெங்கும் பரப்பியது. இத்தாலியர் அதை எஸ்பிரெஸோவில் ஒரு வாய் ஊற்றிக் குடிக்கிறார்கள்; குவளையில் மூன்று காப்பிக்கொட்டை மிதக்கவிட்டும் பரிமாறுகிறார்கள். காப்பியும் சாம்பூகாவும் சேரும் சுவைக்கு அமெரிக்காவில் இருந்த வரவேற்பைக் கண்ட பிறகே ஓபல் நேரா உருவானதாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் கறுப்பு வகை மரபை அறுத்துக்கொண்டு போகவில்லை. பழைய கூட்டாளியின் நிறத்தைப் பூண்டுகொண்டது.

சோம்பு மற்றச் சுவைகளை விழுங்கிவிடும் என்பதுதான் வலுவான மறுப்பு, அதில் நியாயமும் இருக்கிறது. விதிப்படி லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை அனெத்தோல் இருந்தாலே போதும். அவ்வளவிலேயே மணம் நாவை நிறைத்துவிடுகிறது. நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலும் அதே அனெத்தோல்தான். ஒரு பூ கூடினால் பானை முழுக்க அதன் வாசம். அதற்காக அன்னாசிப்பூவை யாரும் விலக்கிவிடுவதில்லை. பலேர்மோவின் நீர் விற்பவர்கள் சொட்டுக் கணக்கில் விட்டதும் அதனால்தான். கறுப்பு சாம்பூகாவைக் காக்டெயிலின் அடித்தளமாக்காமல் ஒரு தேக்கரண்டி அளவில் நிறுத்தி, அதன் சர்க்கரைக்கு ஈடாக வேறு பாகைக் குறைத்து, எலுமிச்சையின் புளிப்போ ஆறிய எஸ்பிரெஸோவின் கசப்போ சேர்த்தால், மற்றச் சுவைகளுக்கும் இடம் கிடைக்கும்.