பட்டியலில் இரண்டு பெயர்கள்: மதுரையின் நெசவும் காவலும்

‘அவுக பொழைக்கத் தெரிஞ்சவுக. நம்மாளுகளுக்குத்தான் எதுவும் தங்காது.’

என் அப்பத்தா இதைச் சொன்னது 1980களின் தொடக்கத்தில். கல்லூரியில் சேர்ந்த புதிதில், திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்புறம் ஒரு சந்தில், சௌராஷ்டிர வீடொன்றின் மச்சில் அறை எடுத்திருந்தேன். உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்து என்னைப் பார்க்க வந்த கிழவி, தெரு நீளத்துக்கும் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்களை அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு அப்படிச் சொன்னாள். கீழே குழித்தறியில் இருந்த வீட்டுக்காரர் அன்று ராத்திரி என்னிடம் சொன்னது வேறு: ‘உங்காளுகளுக்கு என்ன தம்பி, நிலம் இருக்கு, ஆள்பலம் இருக்கு, ஓட்டு இருக்கு. எங்களுக்கு நூல் வெலை ஏறுனா அடுப்பு எரியாது.’ அவரவர் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டும் ஒரே தர்க்கத்தால் ஆனவை. ‘அவர்கள்’ ஒரு மொத்தம், ‘நாம்’ ஒரு மொத்தம், ஒவ்வொரு மொத்தத்துக்கும் ஒரு சுபாவம். அந்தச் சுபாவமே அதன் பொருளாதாரத்தைத் தீர்மானிக்கிறது. சமூகங்களை ஒப்பிடுகிற பேச்சு எல்லாமே, டீக்கடையிலிருந்து பல்கலைக்கழகம் வரை, பெரும்பாலும் இந்தத் தர்க்கத்தில்தான் ஓடுகிறது. இது எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளைப் புரட்டினால் நம்முடைய இரண்டு பெயர்களும் கிடைக்கும். மூன்றாம் தொகுதியில் கள்ளன். ஆறாம் தொகுதியில் பட்டுநூல்காரன். அகரவரிசை இவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஊரோ சேர்த்து வைத்திருந்தது. பட்டுநூல்காரரைப் பற்றி அதில் ஒரு சம்பவம் உண்டு. ராணி மங்கம்மாள் காலத்தில், ஆவணி அவிட்டச் சடங்கு செய்ததற்காக மதுரையில் பதினெட்டுச் சௌராஷ்டிரர்கள் கைது செய்யப்பட்டார்கள். பிராமணருக்குரிய சடங்கை நெசவாளி எப்படிச் செய்யலாம் என்பது புகார். ராணியின் சபை சாத்திரம் பார்த்து, செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னது. (சாதி என்பது அரசு தலையிடாத ‘பண்பாடு’ என்று நம்புகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.) இருநூறு ஆண்டு கழித்தும் அந்தத் தீர்ப்பு அச்சமூகத்தின் கையில் ஆவணமாக இருந்தது. 1895இல் மதுரையில் சௌராஷ்டிர சபை உருவானது. பள்ளிக்கூடம், கோயில், மொழிக்கு அச்செழுத்து என்று ஒரு நகரச் சமூகம் தன்னைத்தானே கட்டிக்கொண்டபோது, அதிகாரத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்பது அதற்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. மனுப்போடத் தெரிந்த சமூகம் என்று சொல்லலாம்.

பிரமலைக் கள்ளருக்கும் நாயக்கர் அரசோடு ஓர் உறவு உண்டு. திருமலைப் பின்னத்தேவர் வழியினருக்குப் பட்டமும் மரியாதையும் கொடுத்தவர் திருமலை நாயக்கரே என்பது எட்டு நாட்டிலும் வழங்கும் மரபு. ஆக, மதுரை அரசின் கீழ் ஒருவருக்கு நெசவு, இன்னொருவருக்குக் காவல். ஊருக்கும் களத்துக்கும் மாட்டுக்கும் காவல் இருந்து, கூலியாகத் தானியமோ பணமோ வாங்குவது. காவலை மீறிக் களவு போனால், துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்வது. இதில் வன்முறை இருந்தது, மிரட்டல் இருந்தது, காவலும் களவும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. அதை மறைத்து வீரவரலாறு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1896இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் காவல் வேண்டாமென்று திரண்டு எழுந்ததும் இதே வரலாறுதான்.

வேறுபாட்டின் வேர் இங்கே இருக்கிறது. காலனிய அரசு வந்தபோது, நெசவாளி அதற்குப் போட்டியில்லை. மான்செஸ்டர் துணிக்கு வேண்டுமானால் போட்டி. அந்தச் சண்டையைச் சந்தை நடத்திக்கொண்டது, சிறை தேவைப்படவில்லை. காவல்காரன் நிலை வேறு. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்த நாளிலிருந்து, ‘பாதுகாப்பு’ என்கிற சரக்கை விற்கும் உரிமை அரசுக்கு மட்டுமே. அதே சரக்கை ஊர்ஊராக விற்றுக்கொண்டிருந்த ஒரு கூட்டம் போட்டியாளன் ஆனது. வரியும் காவல்கூலியும் ஒரே களத்துமேட்டில், ஒரே நெல்லிலிருந்து அளக்கப்பட்டவை அல்லவா? ஆகவே ஒரு தொழிலுக்கு ‘கைத்திறன்’ என்றும் இன்னொன்றுக்குக் ‘குற்றம்’ என்றும் பெயர் விழுந்தது. பெயர் பிறகு ரத்தத்தில் இறங்கியது.

1871இல் வடக்கே தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தக் குலத்தையும் கும்பலையும் வகுப்பையும் அரசு ஓர் அறிவிப்பின் மூலம் குற்றப்பரம்பரையாக்கலாம். 1910களின் இறுதிக்குள் பிரமலைக் கள்ளர் முழுவதுமே பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். வயதுவந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஃபூக்கோவைப் படித்துவிட்டு உடல்மீது அதிகாரம் எழுதப்படுவதைப் பற்றி நாம் பேசுகிறோம். என் அப்பத்தாவுக்கு அது விரலில் ஒட்டிய மை. ‘ஒங்க தாத்தன் கலியாணமாகி மூணாம்நாளே சாவடியிலதான்டா படுத்தாரு’ என்பாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை எந்தக் கோட்பாட்டுக்குள் வைப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. ஜாலியன் வாலாபாக் நடந்து ஓராண்டு ஆக இன்னும் பத்து நாள் இருந்தது. அது தேசத்தின் கதையானது. இது நெடுங்காலம் ஒரு சாதியின் கதையாகவே நின்றுவிட்டது. இந்த மக்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப் செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். 1918இல் மதுரை ஹார்வி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவரும் அவரே. ‘ரோசாப்பூ துரை’ என்று கள்ளநாட்டில் அவருக்குப் பெயர். ஆலையையும் கள்ளநாட்டையும் ஒரே கண்ணால் பார்த்த அந்த மனிதரின் பார்வை பிறகு வந்த நம் இயக்கங்களுக்கு வாய்க்கவில்லை. தொழிலாளி ஒரு கட்சிக்கு, சாதி இன்னொரு கட்சிக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

இனி தண்ணீர். சுபாவத்தைப் பேசுகிறவர்கள் தண்ணீரைப் பேசுவதில்லை. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, நீர் வைகைக்குத் திரும்பியது. மேலூர்ப் பக்கம் நஞ்சையானது. உசிலம்பட்டி, திருமங்கலத்து மேட்டுநிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. மேலூரிலும் கள்ளர்தான், உசிலம்பட்டியிலும் கள்ளர்தான். மேலூர்க்காரர்கள் ‘அடங்கியதற்கு’ப் பெரியாற்று நீரே காரணம் என்ற பேச்சு வெள்ளை அதிகாரிகளிடமே இருந்தது. அப்படியானால் ரத்தத்தின் குணம் வாய்க்காலில் கரைந்துவிடும் தன்மையது போலும்! உசிலம்பட்டிப் பக்கத்துக்கு வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர, அணை கட்டி (1959) அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. கருமாத்தூரைத் தாண்டினால் இன்றும் மண்ணின் நிறத்திலேயே இந்த வரலாறு தெரியும்.

அமெரிக்காவில் அரபுகளையும் ஹிஸ்பானியர்களையும் பக்கத்தில் வைத்துக் குடும்ப வருமானத்தைக் கணக்குப் பார்க்கும் ஒரு வழக்கம் உண்டு. சராசரியில் அரபுகள் மேலே இருப்பார்கள், ஹிஸ்பானியர்கள் கீழே இருப்பார்கள். உடனே உழைப்பு, குடும்பப் பண்பாடு, வணிகபுத்தி என்று விளக்கம் வரும். அரபுகளில் முன்னால் போன சிரியர்கள் மூட்டை வியாபாரிகளாகவும் கடைக்காரர்களாகவும் போனவர்கள். 1915இல் ஜார்ஜ் டௌ என்ற சிரியர் தொடுத்த வழக்கில், சிரியர்கள் ‘வெள்ளையர்’, குடியுரிமைக்குத் தகுதியுள்ளவர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மங்கம்மாள் சபை கடல் தாண்டி உட்கார்ந்ததுபோல இல்லையா இது? மெக்சிகர்களையோ 1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாக வயல்களுக்கு அழைத்தார்கள். ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1954இல், காகிதமில்லாதவர்களைப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். ராதாரிச் சீட்டின் இன்னொரு பாஷை. அதே அரபுகள், வெள்ளையர் கட்டத்துக்குள் தங்கள் பாடு மறைந்துபோகிறது என்று சொல்லித் தனிக்கட்டம் கேட்டுப் போராடினார்கள். 2024இல் மத்தியகிழக்கு, வடஆப்பிரிக்கர் என்ற வகை அறிவிக்கப்பட்டது. மேலே ஏற ஒரு பெயர், கணக்கில் வர இன்னொரு பெயர்.

நம்மூரிலும் இதுவே நடந்தது. பிராமணர் என்று எழுதச் சொல்லிப் போராடிய சௌராஷ்டிரர் இன்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். குற்றப்பரம்பரைப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி, முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பிறகு 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அப்படி விடுபட்டவர்கள், ‘சீர்மரபினர்’ என்ற பெயரில் பட்டியலில் இருப்பதற்காகப் பிறகு போராட வேண்டியதாயிற்று. 1979இல் ‘பழங்குடி’ என்றிருந்ததை அரசாணை ‘சமூகம்’ என்று மாற்றியது. 2019இல் மாநிலச் சலுகைக்கு ஒரு பெயர், மத்தியச் சலுகைக்கு இன்னொரு பெயர் என்று இரட்டைச் சான்றிதழ் வந்தது. இதை ‘சலுகைக்காகச் சாதியைப் பிடித்துத் தொங்குகிறார்கள்’ என்று ஏளனம் செய்வது சுலபம். பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவனோடு அவன் பாஷையில்தான் பேரம் பேச முடியும் என்பதை ஏளனக்காரர்கள் மறக்கிறார்கள்.

ஆனால் பட்டியல் மறைப்பதும் உண்டு. என் வீட்டுக்காரர் ‘சௌராஷ்டிரர்’. அவருக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொண்ட முதலாளியும் ‘சௌராஷ்டிரர்’. வாங்கிய முன்பணம் தீராமல் அவர் வேறு முதலாளியிடம் போக முடியாது. அவர் மனைவி சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார். விரல்நகம் வளர்த்து, துணியைக் கிள்ளி, நூல் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள். கூலியோ முடிச்சைக் கணக்கிட்டு. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது; அதற்குள் கடைகளில் தொங்கியவை பெரும்பாலும் அச்சடித்தவை. கைத்தறிக்கென 1985 சட்டத்தின்படி ஒதுக்கிய 22 ரகங்கள் 1996இல் 11 ஆயின. கைத்தறி நகரிலும் செல்லூரிலும் தறிச்சத்தம் அடங்கியதற்கும் ‘பிழைக்கத் தெரிந்த’ சுபாவத்துக்கும் என்ன சம்பந்தம்? 2011 கணக்கில் சுமார் 2.5 லட்சம் பேர் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்றார்கள். அவர்களில் தறியில் உட்கார்ந்திருப்பவர் யார், தறிக்குச் சொந்தக்காரர் யார் என்று மொழிக்கணக்கு கேட்பதில்லை. கும்பகோணத்து நெசவாளர் வாழ்வை ‘வேள்வித் தீ’யில் எழுதிய எம்.வி. வெங்கட்ராமுக்கு இது தெரியும்.

கள்ளநாட்டில் மறைந்திருப்பது இன்னும் கசப்பானது. எங்கள் ஆட்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள், பரவாயில்லை. 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே ஒரு தலித் தலைவர் நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. மனுப்போட ஆள் இல்லாமல் செய்தார்கள். போட்டு ஜெயித்தவர் ராஜினாமா செய்தார். 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. ரேகை பதிய மாட்டோம் என்று குண்டடிபட்டவர்களின் பேரன்கள், இன்னொருவன் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். இதற்குக் ‘காலனிய வடு’ என்று விளக்கம் சொன்ன ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். வடு என்பது சரி. அந்த வடுவை வைத்து நிலமும் கண்மாய் மீனும் கோயில் மரியாதையும் யார் கையில் இருக்கிறது என்பதை மூட முடியாது. அதே சமயம் 1986இல் உசிலம்பட்டிப் பெண்சிசுக்கொலை பற்றிய செய்தி வந்தபோது, பத்திரிகைகள் வட்டாரம் முழுவதையும் மறுபடி ஒரு ‘பரம்பரை’ ஆக்கியதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டத்தோடு கூடவே வந்தவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. நான் அதில் ஒன்றில் படித்தவன். 2024இல் நீதிபதி சந்துரு குழு, சாதிப்பெயர்களை நீக்கி இப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. கள்ளநாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தச் சமயம் ஊருக்குப் போயிருந்தேன். மந்தையில் ஒரு பெரியவர், ‘பதினாறு உசுரக் குடுத்து வாங்குன பள்ளிக்கூடம்யா, போர்டுல கையவச்சா சும்மா இருப்பமா’ என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும், காலனியைச் சேர்ந்த ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் கேட்டது: ‘எம்புள்ள டீசியிலயும் ஒங்க சாதிப் பேருதான வருது சார். வேலைக்கி போற எடத்துல அத எடுத்து நீட்டுனா என்ன நெனப்பாக?’

பேருந்து வந்துவிட்டது. அந்த அம்மா ஏறிப் போய்விட்டார்.