பூசை முடிந்த பிறகு

1960களின் நடுப்பகுதிவரை மலையகத்துத் தோட்டங்களின் மாதா கோயில்களில் பூசை இலத்தீனில்தான் நடந்தது. சுவாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். சனம் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும். 1962 முதல் 1965வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை மாற்றியது. பூசை தமிழுக்கு வந்தது, சுவாமியார் சனத்தின் பக்கம் திரும்பினார்.

அவருக்கு எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நாடு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களைப் பிரசைகள் அல்ல என்றது; அடுத்து வாக்கும் போயிற்று. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. கூடப் பிறந்தவர்களே ஆளுக்கொரு நாட்டுக்காரர் ஆனார்கள்.

வத்திக்கான் சங்கத்தில் அமர்ந்திருந்த ஆயர்களில் ஒருவர் லியோ நாணயக்கார. ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1959 முதல் கண்டி ஆயர். அட்டனும் நுவரெலியாவும் அவருடைய மறைமாவட்டத்துக்குள்தான். 1972 டிசம்பரில் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தபோது, பேரும் வசதியும் உள்ள கண்டியை விட்டு, கத்தோலிக்கர் சொற்பமாயிருந்த பதுளைக்கு முதல் ஆயராகப் போனார். பதவி ஏறிப்போகும் உலகில் இப்படி இறங்கிப்போனவர்கள் குறைவு.

அதே 1972இல் இயேசு சபைக் குருவான பால் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். முந்தைய ஆண்டு ஏப்ரல் கிளர்ச்சியில் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்திருந்தார்கள். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் இருந்து வேலை செய்யும் இடமாக அதை அமைத்தார். தோட்டத்துக் காரியங்களுக்கென்றே 1974இல் ஓர் இணைப்புச் செயலகமும் எழுந்தது. அந்த ஆண்டுகளை மலையகத்தார் மறக்கமாட்டார்கள். கூப்பன் அரிசி வெட்டப்பட்டது, மா கிடைக்கவில்லை. தோட்டப் பகுதிகளில் பசிச் சாவுகள் விழுந்தன. பெரட்டுக்குப் போன பெண் கொழுந்துக் கூடையோடு மயங்கி விழுந்தால் அன்றைய பேரும், அதாவது அன்றைய சம்பளமும், போய்விடும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதைத் தொடர்ந்து சில இடங்களில் லயத்துச் சனம் துரத்தவும்பட்டது.

இங்கேதான் கஸ்பர்ஸின் விசுவாசம் எனக்குச் சுவாரஸ்யமாகப்படுகிறது. தோட்டத்தில் பெரும்பகுதி இந்துக்கள், மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்காகப் பேசினால் கோயிலில் ஒரு ஆள்கூடச் சேரப்போவதில்லை. வாக்கு இல்லாத சனம் என்பதால் அரசியல்வாதிக்குக் கிடைக்கும் லாபமும் அவருக்கு இல்லை. பூசை வைத்துவிட்டுப் போவதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் உருவானபோதும் முன்வரிசையில் அவரே நின்றார். கொழும்பில் இன்னொரு குருவான திஸ்ஸ பாலசூரிய ஒரு கேள்வியை இறையியலாக எழுதினார்: ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவர்களின் சமூகம் ஏன் இவ்வளவு அநீதியாயிருக்கிறது? ஆனால் அவரை 1997இல் திருச்சபையை விட்டு விலக்கவைத்தது, மாதாவைப் பற்றி அவர் எழுதிய இன்னொரு நூல். மறு ஆண்டே அந்தத் தண்டனை நீங்கியது. பதுளை மறைமாவட்டத்துக்குட்பட்ட புத்தளையில் சிங்கள விவசாயிகளோடு குடியிருந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை நிறைவேற்றும் வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம் படித்த, தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த குருக்களுடையவை. லயத்தில் பிறந்த கத்தோலிக்கர், அதிலும் கொழுந்தெடுக்கும் பெண், தன் விசுவாசத்தோடு எங்கே நின்றார் என்பதைப் பதிந்துவைக்கும் அக்கறை அன்று யாருக்கும் இருக்கவில்லை.

இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய போராட்டம் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. காங்கிரஸ் தலைவர் தொண்டமான் அதை வேலைநிறுத்தம் என்று அழைக்கவில்லை, பிரார்த்தனை என்றார். காலையில் மலைக்கு ஏறவேண்டிய நேரத்தில் தோட்டம் தோட்டமாகச் சனம் சாமி கும்பிட்டது. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறவனைப் பொலிஸ் எந்தச் சட்டத்தில் பிடிக்கும்? ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு இறங்கிவந்தது. அந்த ஆண்டிலேயே நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் மிச்சத்தில் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொண்டது. எஞ்சியவர்கள் 2003வரை காத்திருந்தார்கள்.

(தொடரும்)