கோட்டுக்குள் குளிர்காலம் கழிக்கும் சிவப்புப் புழு

மாஸ்கோவைச் சுற்றியுள்ள நீர்த்தேக்கங்கள் ஜனவரியில் ஓரடிக்கு மேல் உறைந்து கிடக்கும். காற்றின் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் நாட்களும் உண்டு. அந்தக் குளிரில், உறைந்த நீர்ப்பரப்பில் போட்ட துளையருகே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர் கையுறையைக் கழற்றி, ஓர் அங்குலம் நீளமுள்ள சிவப்புப் புழுவை எடுத்து, அதைவிடச் சின்ன முள்ளில் கோத்தாக வேண்டும். அழுத்திப் பிடித்தால் புழு நசுங்கி, உள்ளே இருக்கும் சிவப்பு நீர் விரலில் வழிந்து, தோல் மட்டும் மிஞ்சும். பார்த்துப் பதமாகக் கோக்கலாம் என்று தாமதித்தால் காற்று பட்டு விறைத்துவிடும். விறைத்த புழு தண்ணீருக்குள் இறங்கியதும் இளகி, நிறம் மங்கித் தொங்கும். குளிரில் மந்தமாகிப்போன மீன் அதன் பக்கம் வந்தாலும் வாயைத் திறக்காது.

ரஷ்யாவின் குளிர்கால மீன்பிடிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் துளையிடும் கருவியைச் சொல்வார்கள், பிடிபட்ட மீனின் எடையைச் சொல்வார்கள். அந்த வரலாற்றில் பாதி, இந்தப் புழுவை உயிரோடு வைத்திருக்கப் பட்ட பாடுதான்.

ரஷ்யர்கள் இதை மத்தீல் என்கிறார்கள். கொசுவைப் போலவே இருந்தும் கடிக்காத கிரோனோமஸ் என்ற பூச்சியின் இளம்பருவம் இது. தமிழ்நாட்டில் மூடி சரியில்லாத மொட்டைமாடித் தொட்டியின் அடியில் சிவப்பாக நெளியும் புழுவும் இதே குடும்பம்தான். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் உறையவைத்த கட்டியாக விற்கப்படுவதும் இந்தக் குடும்பத்துப் புழுவே. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் இதன் உடல்நீரிலும் இருக்கிறது. சிவப்பு நிறம் அதனால் வந்தது. பிராணவாயு அரிதாகக் கிடைக்கும் சேற்றில் கூடு கட்டி வாழ அந்த ஹீமோகுளோபின்தான் துணை. ஏரிகளை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் தீனமன், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அடியில் எந்தப் பூச்சியின் புழு வாழ்கிறது என்பதை வைத்தே ஏரிகளை வகைப்படுத்தினார். கிரோனோமஸ் மிகுந்த ஏரி என்றால் ஆழத்தில் பிராணவாயு குறைவு என்று பொருள்.

ஏரி உறைந்தாலும் அடித்தண்ணீர் உறைவதில்லை. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்தக் கனமான நீர் அடியில் தங்கிவிடும், பனிக்கட்டி மேலே மிதக்கும். எனவே கீழே சேற்றில் இருக்கும் புழுவுக்குக் கடும் மாசியும் தையும் ஒன்றும் செய்வதில்லை. பெர்ச், கெண்டை இன மீன்கள் எல்லாம் சேற்றைக் கிளறி அதைத் தின்றே குளிர்காலத்தை ஓட்டுகின்றன. மீனுக்குப் பழகிய உணவையே முள்ளில் கோத்துக் கொடுப்பதைவிடச் சிறந்த உத்தி கிடையாது. ஒரே சிக்கல், கட்டிக்குக் கீழே மாதக்கணக்கில் சௌக்கியமாக இருக்கும் உயிர், கட்டிக்கு மேலே ஒரு நிமிஷம்கூடத் தாங்காது.

இதையெல்லாம் முறையாக எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் லியனீத் சபனேயெவ். 1844-ல் பிறந்து 1898-ல் மறைந்த விலங்கியலாளர் அவர். யூரல் மலைக்கு அப்பாலுள்ள ஏரிகளில் அலைந்து மீன்களை ஆராய்ந்தார். ரஷ்ய மீன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1875-ல் வெளிவந்தது. ஒவ்வொரு மீனும் எங்கே முட்டையிடும், எதைத் தின்னும் என்பதோடு, ஊர் ஊராக மக்கள் அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் அதில் பதிவு செய்தார். கிராமத்து ஆளின் அனுபவ அறிவை ஓர் அறிவியலாளர் இவ்வளவு மதித்து எழுதியது அந்தக் காலத்தில் அபூர்வம். சைபீரிய ஏரிகளில் மர்மீஷ் என்றொரு கூனிறால் போன்ற சிற்றுயிர் உண்டு. அதன் உருவில் சின்ன ஈயக் குண்டை முள்ளோடு சேர்த்து வார்த்தது மர்மீஷ்கா. யூரல் பக்கத்து மீனவர்களின் இந்தக் கண்டுபிடிப்பைப் படித்த நகரவாசிகளுக்கு அறிமுகம் செய்தவர் சபனேயெவ்தான். இன்றுவரை மத்தீல் புழு பெரும்பாலும் தொங்குவது இந்த ஈயக் குண்டின் முள்ளில்தான்.

புழுவை எடுப்பது கல்லுடைப்பதற்குச் சமமான வேலை. ஆழமில்லாத சேற்று ஏரியில் கடப்பாரை போன்ற கருவியால் கட்டியை உடைத்துப் பெரிய திறப்பு போடுவார்கள். பல மீட்டர் நீளக் கழியின் நுனியில் வலைப் பையோ சல்லடைக் கரண்டியோ கட்டி, அடிச்சேற்றை வாரி, அந்தத் திறப்பிலேயே அலசுவார்கள். சேறு கரைந்து போக, அழுகிய இலையும் வேரும் புழுவும் மிஞ்சும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் ஒரு நாளில் ஒரு கைப்பிடி தேறாது. அதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். குடிசைக்குள் ஒரு தொட்டியில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, அதன் பரப்பைத் தொடும்படி சல்லடையை வைத்து, அலசிய கலவையை மேலே பரப்புவார்கள். உயிருள்ள புழு நெளிந்து நெளிந்து சல்லடைக் கண் வழியே கீழே இறங்கிவிடும். செத்ததும் குப்பையும் மேலேயே தங்கும். வாங்க வருகிறவர் கேட்கும் தரத்தைப் புழுக்களே பிரித்துக் கொடுத்துவிடுகின்றன.

வளர்த்தெடுக்கவும் முயன்றார்கள். ஏ. எஸ். கான்ஸ்தன்தீனவ் என்ற சோவியத் ஆய்வாளர் 1958-ல் இந்தப் பூச்சியின் வாழ்க்கையையும் வளர்ப்பு முறையையும் விரிவாக எழுதி வெளியிட்டார். ஆனாலும் சந்தைக்கு வரும் மத்தீலில் பெரும்பகுதி ஏரிச்சேற்றிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

மாஸ்கோவில் அதன் சந்தை பறவைச் சந்தை. 19-ம் நூற்றாண்டில் துரூப்னயா சதுக்கத்தில் ஞாயிறுதோறும் பாட்டுப் பறவைகளும் நாய்களும் மீன்களும் விற்கும் கூட்டம் கூடும். அந்தோன் செகாவ் 1883-ல் அந்தச் சந்தையைப் பற்றி ஒரு சித்திரம் எழுதினார். வாளிகளை முன்னால் வைத்துக்கொண்டு மீன்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது அதில் வருகிறது. பின்னர் பறவைச் சந்தை நகரின் தென்கிழக்கே கலீத்னிகி பகுதியில் நடந்தது. 2001-ல் அங்கிருந்து புறநகர்ச் சாலையோரம் போகும்வரை, குளிர்கால சனிக்கிழமைக் காலையில் மத்தீல் வாங்க அங்கேதான் போவார்கள்.

போகிறவர்களின் எண்ணிக்கை பெருகியதற்கு அணைகள் ஒரு காரணம். 1937-ல் மாஸ்கோ கால்வாய் திறக்கப்பட்டதோடு நகரைச் சுற்றி வரிசையாக நீர்த்தேக்கங்கள் உருவாயின. 1941-ல் ரீபின்ஸ்க் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. அதன் பரப்பைப் பார்த்து அதைக் கடல் என்றே அழைத்தார்கள். போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஆலைகளின் தொழிற்சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏற்பாடு செய்து தொழிலாளர்களை அங்கே அழைத்துப்போயின. விடுமுறைக்கு முந்தைய நாள் புழுவுக்கு அடிபிடி. அளவை தீப்பெட்டி. ஒரு தீப்பெட்டி நிறைய மத்தீல் இவ்வளவு ரூபிள் என்று பேசி வாங்குவார்கள். முள்ளில் கோக்கப் பெரிய புழு, துளைக்குள் தூவி மீனைக் கூட்டப் பொடிப்புழு என்று இரண்டு ரகம் உண்டு.

வாங்கி வந்ததும் வீட்டுவேலை தொடங்கும். மத்தீலுக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. குளிர் வேண்டும், உறையக் கூடாது. குவிந்து கிடந்தால் தம் கழிவிலேயே மூச்சடைத்துச் சாகும். ஒன்று செத்து அழுகினால் பக்கத்தில் உள்ளதும் கெடும். எனவே ஈரத் துணியில் மெல்லிய அடுக்காகப் பரப்பிச் சுருட்டி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பார்கள். நாளுக்கொரு முறை பிரித்து, செத்ததைப் பொறுக்கி, துணியை அலசி மறுபடி சுருட்ட வேண்டும். வடிகட்டிய தேயிலைச் சக்கையைப் பிழிந்து அதில் கலந்து வைப்பது ஒரு முறை. சக்கை ஈரத்தை விடாது, காற்றையும் அடைக்காது. பச்சை உருளைக்கிழங்கைக் குடைந்து புழுவை உள்ளே போட்டு, வெட்டிய துண்டாலேயே மூடி வைப்பது இன்னொரு முறை. கிழங்கின் ஈரப்பதம் நாள்பட மாறுவதில்லை. குளிர்பெட்டி வருவதற்கு முன்பே சன்னல் இடுக்கில் இப்படி வாரக்கணக்கில் காப்பாற்றியவர்கள் உண்டு.

ஏரியில் இரண்டு பெட்டிகள் வேண்டும். சேமிப்புப் பெட்டி கோட்டுக்குள், உடம்புச் சூடு படும் உள்பையில் இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சின்னப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். முன்பு அது மரத்தில் செய்தது, பின்னால் பஞ்சு போன்ற நுரைப் பிளாஸ்டிக்கில் வந்தது. குளிரைத் தடுப்பதில் நுரைப் பெட்டிக்கு நிகரில்லை. புழுக்கள் பின்னிப் பிணைந்து உருண்டையாகாமல் இருக்கக் கொஞ்சம் மாவோ ரவையோ தூவுவார்கள். மரத்துப்போன விரலால் ஒன்றைப் பிரித்தெடுக்க அது எவ்வளவு உதவும் என்பது மைனஸ் 20-ல் கையுறை கழற்றியவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்தில் ஒரு கெடுதலும் இருந்தது. புழுவை நிறையக் கையாள்கிறவர்களுக்குக் கண் அரிப்பு, மூக்கொழுக்கு, மூச்சிரைப்பு எல்லாம் வந்தன. 1980-களில் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர்கள், மீன்தீவனம் தயாரிக்கும் தொழிலாளர்களையும் வண்ணமீன் வளர்ப்பவர்களையும் பரிசோதித்து, புழுவைச் சேற்றில் வாழவைக்கும் அதே ஹீமோகுளோபின்தான் ஒவ்வாமைக்கும் காரணம் என்று காட்டினார்கள்.

மத்தீல் கிடைக்காதபோது கிராமத்தார் கைவைத்தது காய்ந்த செடிகளில். ரஷ்யாவில் வேலியோரம் நிற்கும் ஒட்டுமுள் செடியின் உலர்ந்த பூந்தலைக்குள் ஓர் அந்துப்பூச்சியின் வெள்ளைப்புழு குளிர்காலம் முழுக்கத் தூங்கும். பூந்தலைகளை மூட்டையாகப் பறித்து வந்து வெளித்திண்ணையில் வைத்தால் போதும், பராமரிப்பே இல்லை. அமெரிக்காவிலும் இதற்கு இணையான ஒன்றைக் கண்டுகொண்டார்கள். கோல்டன்ராட் என்ற மஞ்சள்பூச் செடியின் தண்டில் கோலிக்குண்டு அளவில் வீக்கங்கள் இருக்கும். பிளந்தால் உள்ளே ஈப்புழு. கிளிசரால், சார்பிட்டால் என்ற பொருட்களை உடம்பில் சேர்த்துக்கொண்டு, உடல்நீர் உறைந்தாலும் சாகாமல் வசந்தத்தில் எழுந்துவிடும் அது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

பைக் போன்ற பெரிய மீனுக்குப் புழு போதாது, உயிருள்ள சின்ன மீன்தான் வேண்டும். நீர் குளிரக் குளிரப் பிராணவாயுவை அதிகம் பிடித்துவைக்கும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம், பூஜ்யத்தில் 14-க்கு மேல். மீனின் மூச்சுத் தேவையும் குளிரில் குறைந்துவிடும். எனவே வாளியில் கொண்டுபோகும் இரைமீன் கோடையைவிடக் குளிரில் அதிக நேரம் தாங்கும். கதகதப்பான காருக்குள் வைத்துவிட்டு உடனே பனித்தண்ணீரை ஊற்றினால்தான் ஆபத்து. இரைமீனாக ரஷ்யர்கள் தேர்ந்துகொண்டது கராஸ் என்ற கெண்டை இனம். வாளியில் மற்றவை வயிற்றைக் காட்டி மிதக்கும்போதும் அது நீந்திக்கொண்டிருக்கும். உறைந்த குட்டைகளில் பிராணவாயு முற்றிலும் தீர்ந்த நீரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய மீன் அது. பிராணவாயு இல்லாதபோது உடலில் சேரும் அமிலத்தை மதுச்சாரமாக மாற்றி, செவுள் வழியே வெளியேற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் புரதங்களை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் விளக்கினார்கள்.

அமெரிக்கப் பேரேரிகளில் இரை மீன் ஒரு பெருந்தொழிலானது. துளையிட்ட உள்வாளியைத் தூக்கினால் மீன் கையோடு வரும்படியான இரட்டைத் தகர வாளிகள் அங்கே பரவின. துளை வழியே ஏரித் தண்ணீரை மொண்டு அவ்வப்போது வாளியில் மாற்றுவது எல்லாரும் அறிந்த பக்குவம். அதற்கு இடைஞ்சலாக ஒரு கிருமி வந்தது. மீன்களுக்கு உள் ரத்தப்போக்கை உண்டாக்கும் விஎச்எஸ் என்ற வைரஸ் 2005-ல் பேரேரிகளில் இனங்காணப்பட்டது. 2006 அக்டோபரில் அமெரிக்க விவசாயத் துறை, பேரேரிகளை ஒட்டிய 8 மாநிலங்களிலிருந்து நோய்க்கு ஆளாகக்கூடிய உயிர்மீன்களை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு விதித்தது. இரையாக மிக விரும்பப்பட்ட எமரால்டு ஷைனர் என்ற வெள்ளிநிறப் பொடிமீனும் அந்தப் பட்டியலில் இருந்தது. மின்னசோட்டாவில் இன்று மிச்ச இரையோடு வீடு திரும்ப வேண்டுமானால், வாளியிலுள்ள ஏரித் தண்ணீரைக் கரையிலேயே கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ நிரப்ப வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனைக் கொல்லும் என்பதால், அதை முன்கூட்டியே பிடித்துத் திறந்து வைக்கவோ, முறிவு மருந்து கலக்கவோ வேண்டியிருக்கிறது. பழைய பக்குவம் பிடுங்கப்பட்டதில் பலருக்கு வருத்தம்தான். ஆனால் ஓர் ஏரியின் நோயை அடுத்த ஏரிக்கு வாளியில் சுமந்து போகாமல் தடுக்க வேறு வழி இல்லை.

ரஷ்யாவில் மாற்றம் வேறு திசையில் வந்தது. புழுவின் விலையும் தட்டுப்பாடும் தாளாமல், புழுவே கோக்காமல் மீனை ஏமாற்றும் ஈயக் குண்டுகளைச் சோவியத் காலத்திலேயே வார்க்கத் தொடங்கினார்கள். முள்ளின் மேல் ஒரு பாசிமணி, ஒரு துண்டு வண்ண நூல், மீதி எல்லாம் கை நடுக்கத்தில். வினாடிக்குப் பல தடவை சீராக அதிரவைத்தால்தான் மீன் நம்பும். அதற்கு வருஷக்கணக்கில் பழக வேண்டும். பழகியவர்களுக்குக் கழுத்துப் பெட்டியும் உருளைக்கிழங்கும் தேவையில்லை. மற்றவர்கள் இன்றும் ஈரத் துணியைச் சுருட்டிக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள்.