திருப்பும் சக்கரம், பிடிக்கும் பிரேக்

சுமையை நகர்த்த உதவும் கருவியில் மோட்டார் வைத்தால் வேலை சுளுவாகும். சென்சார் பிசகினால் அதே மோட்டார் ஆளையும் இடித்துத் தள்ளும். இதற்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே விடை கண்டன: தள்ளுவது மனிதனே, கருவி வழியை மட்டும் வகுக்கட்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்னில் கோல்கேட்டும் பெஷ்கினும் 1990களில் உருவாக்கிய கோபாட் ஒன்று. ஜப்பானின் தொஹோகுவில் ஹிராட்டா, கொசுகே குழு 2000களில் செய்த ஆர்டி வாக்கர் என்னும் நடைவண்டி மற்றொன்று. சுமை வண்டிக்கும் அக்குழு இதே முறையைக் கையாண்டது.

கோபாட்டில் உள்ள மோட்டார் சக்கரத்தை உருட்டாது, திசை திருப்பும். ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து, பெயின்ட் அடித்த காரிலிருந்து கதவைக் கழற்றி எடுக்கும் வேலைக்கு இதை முயன்றார்கள். கதவு காரின் உடலை நெருங்கினால் சக்கரம் அதற்கு இணையாகத் திரும்பிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் கதவு பக்கவாட்டில்தான் நகரும்.

வாக்கரின் பின்சக்கரங்கள் இரண்டிலும் தனித்தனி பவுடர் பிரேக், அதாவது காந்தத் தூளால் பிடிக்கும் பிரேக். மின்னோட்டம் கூடினால் பிடிப்பும் கூடும். இடதைச் சற்று இறுக்கினால் வண்டி இடப்புறம் வளையும். சரிவிலோ, எதிரே படி தென்பட்டாலோ இரண்டும் சேர்ந்து இறுகும்.

திசைதிருப்பும் முறையில் தள்ளுபவரின் உழைப்பு வீணாவதில்லை. ஆனால் ஒற்றைச் சக்கரக் கோபாட்டுக்கு வேகத்தைக் குறைக்கத் தெரியாது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் 100 கிலோ சுமையை 25 சென்டிமீட்டருக்குள் நிறுத்த 200 நியூட்டன் விசை வேண்டும். ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமம். மோட்டார் தள்ளாவிட்டாலும் ஓடும் சுமைக்கு வேகம் உண்டு. பிரேக் அதை அடக்கும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் தள்ளுபவரின் உழைப்பில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும். நின்ற வண்டியைப் பிரேக்கால் இம்மியும் நகர்த்த முடியாது.

மின்சாரம் போனால்? கோபாட்டின் சக்கரம் நின்ற கோணத்திலேயே உருளும். பவுடர் பிரேக்கோ பிடியை விட்டுவிடும். சரிவில் அது பேராபத்து. லிஃப்டில் இருப்பதுபோல, மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் இறுக்கும் பிரேக்கும் கூடவே வேண்டும்.

ஆகவே, சமதளத் தரையில் ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் பாரம் நகர்த்தும் பட்டறைக்குத் திருப்பும் சக்கரம் போதும். சரிவும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்கு, ஸ்பிரிங் துணையுள்ள பிரேக்கே பொருத்தம்.