எருமை இறைச்சியும் நம் நல்வாழ்வும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசாணைகளிலிருந்தும் எழுதலாம், அடுக்களையிலிருந்தும் எழுதலாம். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், நம்மவர் நாவால் சுவைத்தும் நாவால் சொல்லத் தயங்கும் ஒரு பொருளைப்பற்றி எழுதத் துணிகின்றேன். எருமை இறைச்சியே அப்பொருள்.

பள்ளிப் பருவத்தில் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைப் பாதி திறந்து வைத்து உண்டவன் யான். இன்றும் மூடியைத் திறக்கக் கூசும் பிள்ளைகளைக் காண்கின்றேன். கூசுபவன் விலையைக் கேட்பான், தரத்தைக் கேட்கமாட்டான். ஒளித்து வாங்கும் பொருளில் சோதனை முத்திரை உண்டா என எவரும் வினவுவதில்லை. எனவே, இக்கூச்சம் வந்த வழியை அறிவது நம் உடல்நலத்தையும் காப்பதாகும்.

நிலமின்மையும் செத்த மாடும்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய நம் ஊர்கள் முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை நம் மக்களின் வறுமையையும் நிலமின்மையையும் அரசுக்கு எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது.

நிலம் இல்லாதவனுக்கு உழவு மாடு ஏது? கறவை எருமை ஏது? மாடு உயிரோடு இருக்கும் வரை ஊராருடையது; செத்தபின் அதனை அப்புறப்படுத்தும் பொறுப்பு மட்டும் நம்மவருடையது. அவ்வேலைக்குக் கிடைத்த கூலி பல இடங்களில் அதன் தோலும் தசையுமே. பசி அதனை உண்ணச் செய்தது. உண்டதையே காரணம் காட்டி ஊர் இழிவு செய்தது.

1927 மார்ச்சில் மகத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு நம் மக்களை வேண்டினார். அது தன்மானத்துக்கான அறிவுரை. மருத்துவத்துக்கும் முற்றும் பொருந்துவது. அடைப்பான் நோயால் இறந்த மாட்டை அறுத்துத் திறத்தலே கூடாது. அறுப்பவன் கைப்புண் வழியே கிருமி புகும். அதன் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆயினும், செத்ததை மறுப்பது வேறு, நல்லதை மறுப்பது வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தொட்டியும் கல்லூரியும்

சென்னை மாநகராட்சியின் பெரம்பூர் இறைச்சிக்கூடம் 1903-இல் ஏற்பட்டது. மக்கள் அதனைத் தொட்டி என்றே வழங்குவர். அதே 1903-இல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கிற்று. கால்நடையை அடிக்கும் இடமும், அதன் நோயறியும் கல்வியும் ஒரே ஆண்டில் ஒரே நகரில் தோன்றியமை எண்ணத்தக்கது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னையோடு இணைந்தபின், நம் பகுதிக் கள்ளிக்குப்பம் இறைச்சிக்கூடமும் மாநகராட்சியின் கூடங்களுள் ஒன்றாயிற்று.

சட்டம் கேட்ட கேள்வி

1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டையோ எருமையையோ அடிப்பதற்குச் சான்றிதழ் வேண்டும். பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததாகவோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிலையாக முடங்கியதாகவோ அது இருத்தல் வேண்டும். இச்சட்டம், இவ்விலங்கு உழவனுக்கு இனிப் பயன்படுமா என்று கேட்டது. உண்பவனுக்கு இது நலம் பயக்குமா என்பது அதன் கேள்வியன்று. 1976 ஆகஸ்ட் 30 ஆணை பசுவையும் கிடாரியையும் அடிப்பதை முற்றும் விலக்கியது.

உண்பவனுக்குரிய கேள்வியைப் பிற விதிகள் கேட்டன. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, கால்நடை மருத்துவரின் சான்று பெறாத விலங்கை அடித்தல் கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் சோதித்தலும் கூடாது. ஓடுகிற ஓட்டத்தில் பார்ப்பது சோதனை ஆகாது என்பதே இதன் கருத்து. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்து, இறைச்சிக் கடைகளையும் பதிவுக்குள் கொணர்ந்தது.

நல்ல இறைச்சியின் இலக்கணம்

எருமை இறைச்சி கருஞ்சிவப்பானது. அதன் கொழுப்பு வெண்மையானது. தீவனத்திலுள்ள மஞ்சள் நிறப்பொருளை எருமை உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாற்றிவிடுவதே இவ்வெண்மைக்குக் காரணம். எருமைப்பால் வெளுத்திருப்பதும் அதனாலேயே. நூறு கிராம் இறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு; இரும்புச்சத்தும் மிகுதி. சோகையால் வாடும் நம் பெண்மக்களுக்கு இஃது எளிய விலையில் கிட்டும் நல்லுணவு.

அடிப்பதற்கு முன் விலங்குக்கு ஓய்வும் தண்ணீரும் வேண்டும். ஓய்ந்த விலங்கின் தசையில் சேர்ந்துள்ள சர்க்கரைப்பொருள் பின்னர் அமிலமாக மாறிக் கிருமியைத் தடுக்கும். அடித்து ஓட்டி வந்த விலங்கின் இறைச்சி கறுத்துப் பசைபோல் ஒட்டும், விரைவில் கெடும். நாக்கு, தாடைத்தசை, நெஞ்சு ஆகியவற்றில் நாடாப்புழுவின் கட்டிகளும், ஈரலில் தட்டைப்புழுவும் உண்டா என மருத்துவர் அறுத்துப் பார்ப்பர். பின்னர் இறைச்சியைக் குளிரில் வைத்தல் வேண்டும். வெயிலும் ஈயும் படக் கொக்கியில் தொங்கவிடுதல் தவறு.

வயது முதிர்ந்த எருமையின் தசை கடினமானது. நம் அன்னையர் அதனைச் சிறுதீயில் நெடுநேரம் வேகவைத்தனர். நீரும் வெப்பமும் சேர்ந்து தசைநார் இளகுவதோடு, உள்ளே ஒளிந்த புழுவும் மடியும். எஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் உலர்த்திய உப்புக்கண்டமும் ஓர் அறிவியலே. ஈரம் வற்றிய இடத்தில் கிருமி வளராது.

கப்பலுக்கு ஒரு நீதி, தெருவுக்கு ஒரு நீதி

உலக நாடுகளுக்கு எருமை இறைச்சியை மிகுதியாக அனுப்பும் நாடுகளுள் இந்தியா முன்னணியில் நிற்கின்றது. அவ்வாறு செல்லும் இறைச்சியை இருமுறை மருத்துவர் சோதிக்கின்றார். எலும்பும் நிணநீர்க்கணுக்களும் அகற்றப்படுகின்றன. 24 மணி நேரம் குளிரில் பதப்பட்டு அமில அளவு 6-க்குக் கீழ் இறங்கியதா எனப் பார்க்கின்றனர். கோமாரிக் கிருமி அந்நிலையில் அழியும். பின்னர் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் உறையவைக்கின்றனர். அயலான் உண்ணும் இறைச்சிக்கு இத்துணைக் காவல் இருக்க, அதே விலங்கின் இறைச்சியை நம் தெருவில் நாம் சாக்கடை ஓரத்தில் ஏன் வாங்குதல் வேண்டும்?

நம் கடமை

முத்திரையில்லாத இறைச்சியை வாங்கோம் என நம் இல்லந்தோறும் உறுதி கொள்வோம். நம் ஊர்களில் தூய நீரும் குளிரறையும் உள்ள இறைச்சிக்கூடங்களை உரிமையோடு கேட்போம். தொட்டியில் கத்தி பிடிக்கும் வேலை நம்மவர்க்கு எளிதாகவே கிட்டிற்று. சோதித்துச் சான்றளிக்கும் பணி கல்வியால் மட்டுமே கிட்டும். வேப்பேரிக் கல்லூரியின் வாயில் நம் பிள்ளைகளுக்கும் உரியது. சங்கத்தின் பொன்விழா மலரில், முத்திரை குத்தும் மருத்துவராக நம் சேரிப் பிள்ளை ஒருவர் இதே பொருளைப்பற்றிக் கட்டுரை எழுதுவாராக. அன்று நம் சிறுவர்கள் சோற்றுப் பாத்திரத்தின் மூடியை முழுதும் திறந்து வைத்து உண்பர்.