கிரிஸ்கோ தெரியாதவன் முட்டாளா?

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படையில் சேர லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். யாரை எந்த வேலைக்கு அனுப்புவது? ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளரின் குழு இரண்டு தேர்வுகளைத் தயாரித்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா'. தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன 'பீட்டா'. சுமார் 17.5 லட்சம் பேர் இவற்றை எழுதினார்கள்.

இவை அளப்பது பிறவி அறிவைத்தான், பள்ளிப் படிப்பை அல்ல என்றார் யெர்க்ஸ். கேள்விகளைப் பாருங்கள்! கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? (அது அந்த ஊர்க் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு.) கிறிஸ்டி மேத்யூசன் யார்? பேஸ்பால் வீரர். சரி, படத் தேர்வாவது பொதுவானதா என்றால், அதில் வலை இல்லாத டென்னிஸ் மைதானம். விடுபட்டதை வரைய வேண்டுமாம். இத்தாலியக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த விவசாயி டென்னிஸை எங்கே கண்டார்?

ஆனால் முக்கியமான தடயம் கேள்விகளில் இல்லை, முடிவுகளில் இருந்தது. குடியேறியவர்களில், அமெரிக்காவில் அதிக ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். 20 ஆண்டுகளைத் தாண்டியவர்கள் அங்கேயே பிறந்தவர்களுக்கு ஏறக்குறைய சமம். பிறவி அறிவு வருடா வருடம் வளருமா என்ன? அந்த ஊரோடு பழகிய பழக்கத்தைத்தான் தேர்வு அளந்திருக்கிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

யெர்க்ஸின் குழுவில் இருந்த கார்ல் பிரிகாம் இதைத் தலைகீழாகப் படித்தார். முன்பு வந்தவர்கள் உயர்ந்த இனம், இப்போது வருபவர்கள் தாழ்ந்த இனம் என்று 1923-ல் புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டே தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் வருகையைக் கடுமையாகக் குறைக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. இந்தத் தேர்வுகள்தான் அதற்குக் காரணம் என்பது மிகை. இன வெறுப்பு முன்பே இருந்தது. தேர்வு அதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டது, அவ்வளவுதான்.

1927-ல் ட்ரூமன் கெல்லி, ஒரு தேர்வு எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதை உண்மையில் அளக்கிறதா என்பதே அதன் 'ஏற்புடைமை' என்று வரையறுத்தார். அந்தக் கேள்விக்கு முன்னால் பிரிகாமின் புத்தகம் நிற்கவில்லை. 1930-ல் அவரே தவறை ஒப்புக்கொண்டார். ஆல்ஃபா, பீட்டா மதிப்பெண்களை ஒரே அளவுகோலில் சேர்த்ததே பிழை, ஆங்கிலத்தோடு வளராதவர்களை ஆங்கிலத் தேர்வால் ஒப்பிட முடியாது, தன் பழைய ஆய்வுக்கு அடிப்படையே இல்லை என்று ஆய்விதழில் எழுதினார். அப்படி எழுத நிஜமாகவே துணிச்சல் வேண்டும்.

நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கும் சட்டம் 1965-ல்தான் வந்தது. பிரிகாம் 1943-லேயே இறந்துவிட்டார்.