மும்பைத் தமிழ்ப் பகுதிகளின் கடைவீடுகள்

கீழே வியாபாரம் அல்லது தொழில், மேலே அல்லது பின்கட்டில் குடித்தனம் என அமைந்த கட்டடம் கடைவீடு எனப்படும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகள் 2008-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. மும்பையின் கடைவீடுகளுக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. இவை இருவகை: மாட்டுங்காவில் திட்டமிட்டுக் கட்டியவை, தாராவியில் தாமாக வளர்ந்தவை.

மாட்டுங்கா: 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயை அடுத்து, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. தெற்கு நகரின் நெரிசலைக் குறைக்க, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதி நிலங்களை அது கையகப்படுத்தி, அகன்ற சாலைகளும் பூங்காக்களும் வகுத்து, மனைகளைக் குத்தகைக்கு விட்டது. 1933-இல் டிரஸ்ட் மாநகராட்சியுடன் இணைந்தது. இதற்குள் அலுவலக வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே திரளாகக் குடியேறத் தொடங்கியிருந்தன. 'சால்' எனப்படும் பழைய வரிசைக் குடியிருப்புகளில் கழிப்பறை பலருக்கும் பொது. மாட்டுங்கா மாடிகளில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி. ஆசாரம் பார்த்த குடும்பங்களை ஈர்த்தது இந்த வசதியே. சாலையை ஒட்டிய தரைத்தளங்களில் காப்பிக்கொட்டை, பூ, பாத்திரம், பூசைப்பொருள் கடைகள் வந்தன. கஃபே மெட்ராஸ் (1940) இவ்வாறு தரைத்தளத்தில் அமைந்தது. ராம நாயக்கின் உடுப்பி உணவகமோ (1942) ரயில் நிலையத்தருகே சந்தைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. கடைக்காரரும் மாடிவாசியும் பெரும்பாலும் வெவ்வேறு குடும்பத்தினர். ஆயினும் மாடியில் இருப்பவரின் அன்றாடத் தேவை கீழ்த்தளக் கடையிலேயே நிறைவேறுவதால் இவையும் கடைவீடுகளே.

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940-இன் அளவில் நிறுத்தியது. வருமானமின்றி உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். குடியிருப்போர் உரிமை 'பகடி' என்ற முன்தொகை முறையில் கைமாறியது.

தாராவி: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் பதனிடுவோரும், சௌராஷ்டிரக் குயவர்களும் வேலையையும் வீட்டையும் பிரிக்காமல் குடியேறினர். குயவர் பகுதியான கும்பார்வாடாவில் வீட்டின் ஒருபுறம் தெரு, மறுபுறம் சூளை. மற்ற சந்துகளில் கீழே தையலோ தோல்வேலையோ நடக்க, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப்போகும் மேல்தளத்தில் குடும்பமோ வாடகைக்காரரோ வாழ்கின்றனர். பணம் சேரும்போது ஒரு தளம் கூடும். மும்பையின் உண்மையான கடைவீடு இதுதான்.

இன்று மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் பல கோபுர அடுக்ககங்களுக்கு வழிவிடுகின்றன. 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற தாராவி மறுவளர்ச்சித் திட்டம் வீட்டையும் கடையையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்கு 350 சதுர அடி வீடு, மேல்தளத்தாருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடு.